மூன்று ஊர், ஒரே ஸ்பிரிண்ட்: வெளிநாட்டு டீமோடு அஜைலில் வேலை செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு

உங்களைப் புதிதாக ஒரு புராஜெக்டில் போட்டிருக்கிறார்கள். எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர் மியூனிக்கில், ஆர்க்கிடெக்ட் சியாட்டிலில், நீங்களும் இன்னும் ஐந்தாறு பேரும் சென்னை சோழிங்கநல்லூரில். "நம்ம டீம் அஜைல்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதாவது வேலையைச் சின்னத் துண்டுகளாக முடித்துக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஸ்க்ரம் என்கிற அஜைல் முறையின் கையேட்டில் ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) பிளானிங், ஸ்டாண்டப் (தினசரிச் சிறு கூட்டம்), ரிவ்யூ (முடித்ததைக் காட்டுவது), ரெட்ரோ (எப்படி வேலை செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பது) எல்லாம் தெளிவாக இருக்கும். ஸ்டாண்டப் ஏன் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது, ஒரு சின்னச் சந்தேகத்துக்குப் பதில் வர ஏன் இரண்டு நாள் ஆகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. இப்படிப்பட்ட டீம்களில் டெவலப்பராகவும் ஸ்க்ரம் மாஸ்டராகவும் (இந்த முறை சரியாக நடக்கப் பார்த்துக்கொள்பவர்) அல்லாடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

அஜைல் கொள்கைகளில் ஒன்று, டீமுக்குள் தகவல் போய்ச்சேர நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்கிறது. நமக்கு அந்த வசதி கிடையாது. எல்லா ஊரிலும் ஆட்கள் விழித்திருக்கும் சில மணி நேரம் மட்டும்தான் கையில் இருக்கிறது. அந்த நேரத்தை விவாதத்துக்கும் சந்தேகத்துக்கும் செலவிடுங்கள். வெறும் தகவலை எழுதி முடித்துவிடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

1. முதலில் கடிகாரக் கணக்கு

இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட 5:30 மணி முன்னால். வருடம் முழுக்க மாறாது. மற்றவர்களுக்கு மாறும். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 4:30 மணி, கோடையில் 3:30 மணி வித்தியாசம். சியாட்டிலுக்குக் குளிர்காலத்தில் 13:30, கோடையில் 12:30.

மியூனிக்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் 12:30. நாம் 6:30க்குக் கிளம்பினாலும், இரண்டு ஊர்ச் சாப்பாட்டு நேரத்தையும் கழித்தாலும், சேர்ந்து வேலை செய்ய நாலு மணி நேரமாவது இருக்கும். தாராளம். சியாட்டிலோடு ஆபீஸ் நேரத்தில் பொதுவாக ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அவர்களுக்குக் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. மூன்று ஊரும் ஓரளவு சகித்துக்கொள்ளக்கூடிய நேரம் கோடையில் நம்முடைய இரவு 8:30. அப்போது மியூனிக்கில் மாலை 5, சியாட்டிலில் காலை 8. வாரம் ஒரு முறைக்கு மேல் அதைத் தொடாதீர்கள்.

பொறி எங்கே என்றால், அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. 2026இல் அந்தத் தேதிகள் மார்ச் 8, மார்ச் 29, அக்டோபர் 25, நவம்பர் 1. இடைப்பட்ட வாரங்களில் பாதிப் பேர் கால் (அழைப்பு) முடிந்த பிறகு வந்து நிற்பார்கள். வாராவாரம் வரும் மீட்டிங்கை யார் போட்டாரோ அவர் ஊர் நேரத்தில்தான் அது பூட்டப்பட்டிருக்கும். மியூனிக்காரர் போட்டது நமக்கு ஒரு மணி நேரம் நகரும். நாம் போட்டது அவர்களுக்கு நகரும். எந்த ஊரில் நகரக் கூடாதோ அந்த ஊர்க்காரரே அழைப்பை அனுப்பட்டும்.

இன்னொன்று. "வெள்ளிக்கிழமைக்குள்" என்று எழுதாதீர்கள். யாருடைய வெள்ளி? சியாட்டிலின் வெள்ளி மாலை நமக்குச் சனிக்கிழமை விடிகாலை. தேதி, மணி, யூ.டி.சி. மூன்றையும் எழுதுங்கள். "ஐ.எஸ்.டி." என்று போட்டாலும் குழப்பம்தான், இஸ்ரேலும் அயர்லாந்தும் தங்கள் நேரத்துக்கு அதே எழுத்துகளைத்தான் வைத்திருக்கின்றன.

இரவு கால் தவிர்க்க முடியாது என்றால், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று முதல் வாரத்திலேயே மேனேஜரிடம் மெயிலில் கேட்டுவிடுங்கள்: மறுநாள் தாமதமாக வரலாமா, கேப் உண்டா, ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டா. வாய்ச்சொல்லாக இருந்தால் மேனேஜர் மாறியதும் அது காற்றோடு போய்விடும். அந்தப் பக்கம் ஜெர்மானியர்கள் இரவு கால்களுக்கு வர மறுத்தால் திமிர் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க இடையில் 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது அங்கே சட்டம்.

2. வேலையை ஊர் பார்த்து அடுக்கடுக்காகப் பிரிக்க விடாதீர்கள்

"ஃப்ரன்ட் எண்ட் சென்னை, பேக் எண்ட் மியூனிக், டெஸ்டிங் இன்னொரு ஊர்" என்று பிரித்துவிட்டால், ஒவ்வொரு ஸ்டோரியும் (பயனாளருக்கு வேண்டிய ஒரு சின்ன வேலை) முடிவதற்குள் மூன்று ஊர் சுற்ற வேண்டும். ஒரு ஸ்பிரிண்டில் தொடங்கியது அதே ஸ்பிரிண்டில் முடியவே முடியாது. பில்லிங் முழுக்கச் சென்னை, லாகின் முழுக்க மியூனிக் என்று அம்சம் அம்சமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு இதை மாற்றும் அதிகாரம் இருக்காதுதான். ஆனால், "இந்த ஸ்டோரி எத்தனை நாள் வேறொரு ஊருக்காகக் காத்திருந்தது" என்று அந்த வேலைக்கான டிக்கெட்டில் (பதிவில்) குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து ரெட்ரோவில் அந்தக் குறிப்பை எடுத்துப் போட்டால் எந்த வாதத்தையும்விட அது எடுபடும்.

3. முதல் ஸ்பிரிண்டுக்கு முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

"அஜைலில் டாக்குமென்ட் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். நமக்குக் குறைந்தது நான்கு வேண்டும்.

முதலாவது, டீம் ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும். யார் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார், சாட்டில் கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில், மெயிலில் கேட்டால் எவ்வளவு நேரம், சர்வர் விழுந்தால் யாருக்குப் போன்.

இரண்டாவது, "முடிந்தது" என்றால் என்ன என்ற பட்டியல். கோட் மெர்ஜ் ஆனால் (எல்லோருடைய கோடோடும் சேர்ந்தால்) போதுமா, டெஸ்ட் சர்வரில் ஓட வேண்டுமா, மொழிபெயர்ப்பும் வந்திருக்க வேண்டுமா? இது எழுதப்படாமல் இருந்தால், சென்னையில் முடிந்த ஸ்டோரி மியூனிக் டெமோவில் முடியாததாகிவிடும்.

மூன்றாவது, முடிவுக் குறிப்பேடு. கால் ஒன்றில் எடுத்த ஒவ்வொரு முடிவும் தேதி, யார் சொன்னது, ஏன் என்ற மூன்று வரியோடு விக்கியில் ஏற வேண்டும். சாட்டில் இருக்கிறதே என்று விடாதீர்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பேச்சு மட்டும்தான் தெரியும்.

நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: தரவு ஒப்பந்தம். ஐரோப்பிய வாடிக்கையாளரின் பெயர், முகவரி, இன்வாய்ஸ் ஆகியவற்றைச் சென்னையிலிருந்து திரையில் பார்த்தாலே ஐரோப்பியச் சட்டப்படி அது வெளிநாட்டுக்குத் தரவு அனுப்புவதுதான். போதிய பாதுகாப்பு உள்ள நாடுகள் என்று ஐரோப்பிய ஆணையம் ஏற்ற பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் தனி ஒப்பந்த விதிகள் கையெழுத்தாக வேண்டும், அது சட்டப் பிரிவைத் தாண்டி வர வாரக்கணக்கில் ஆகும். அது வரும்வரை உங்களுக்கு அனுமதி கிடைக்காது, பக் (பிழை) எதையும் திரும்ப நிகழ்த்திப் பார்க்கவும் முடியாது. அவசரத்துக்கு யாராவது நிஜத் தரவை மெயிலில் அனுப்பினால் திறக்காதீர்கள். பெயர், எண்களை மாற்றிய மாதிரித் தரவு வேண்டும் என்று கேளுங்கள்.

4. ஸ்டோரியைக் கேள்வி கேட்டு உடையுங்கள்

நேரம் பாழாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேக்லாகில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) இப்படி ஒரு ஸ்டோரி வரும்: "கணக்காளர் மாத இன்வாய்ஸ்களை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்ள முடிய வேண்டும்." சி.எஸ்.வி. என்பது மதிப்புகளைக் காற்புள்ளியாலோ அரைப்புள்ளியாலோ பிரித்து எழுதும் சாதாரண உரைக் கோப்பு. படித்தால் அரை நாள் வேலை மாதிரி இருக்கும். முடித்து டெமோ காட்டுவீர்கள். மியூனிக்கில் ஒருவர் அந்தக் கோப்பை எக்செலில் திறப்பார். எல்லாம் ஒரே நெடுவரிசையில் கொட்டிக் கிடக்கும். ஜெர்மன் எக்செல் அரைப்புள்ளியால் பிரித்த கோப்பைத்தான் எதிர்பார்க்கும், காற்புள்ளி அங்கே தசமக் குறி. நாம் 1,234.56 என்று எழுதும் தொகை அவர்களுக்கு 1.234,56. தேதியில் நாள், மாதம், வருடத்துக்கு நடுவே புள்ளி. வாடிக்கையாளர் பெயர் ம்யுல்லர் என்றால், அதில் தலைமேல் இரண்டு புள்ளி உள்ள எழுத்து குப்பையாகத் தெரியும், கோப்பின் தொடக்கத்தில், எழுத்துகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் யூ.டி.எஃப்.-8 அடையாளம் வைக்காமல் விட்டிருந்தால். இத்தனைக்கும் மியூனிக்காரரைக் குறை சொல்ல முடியாது. சி.எஸ்.வி. என்றால் அவர் மனதில் வருவதே அதுதான். எழுத வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆக, ஸ்டோரியை எடுக்கும் முன் மாதிரி கேளுங்கள். "இந்த உள்ளீட்டுக்கு இந்த வெளியீடு" என்று நிஜமாகத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கோப்பு, ஒரு ஸ்க்ரீன்ஷாட், அல்லது கையால் வரைந்த படம். மாதிரி இல்லாத ஸ்டோரி ஸ்பிரிண்டுக்குள் வரக் கூடாது என்று டீம் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் "புரிந்தது" என்றுதான் பதில் வரும், நம் ஊரில் இன்னும் வேகமாக வரும். அதற்குப் பதிலாக, ஸ்டோரியை எடுப்பவர் தான் செய்யப்போவதை இரண்டு மூன்று வரியில் டிக்கெட்டில் எழுதட்டும். ப்ராடக்ட் ஓனர் அதைப் பார்த்துச் சரி என்று போட்ட பிறகு கோடிங்கைத் தொடங்குங்கள்.

5. ஸ்பிரிண்ட் நாட்காட்டி

இரண்டு வார ஸ்பிரிண்ட் வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய் அல்லது புதனில் தொடங்குங்கள். திங்கள் காலை நமக்குப் பிளானிங் என்றால் சியாட்டிலில் ஞாயிறு இரவு. வெள்ளியன்று ரிவ்யூ வைத்தால் அங்கிருந்து வரும் திருத்தத்தைப் பார்க்க இங்கே ஆள் இருக்காது.

விடுமுறைப் பட்டியலை நாட்டுவாரியாக எடுக்காமல் ஊர்வாரியாக எடுங்கள். ஜனவரி 6, நவம்பர் 1 இரண்டும் மியூனிக்கில் விடுமுறை, பெர்லினில் இல்லை. மார்ச் 8 பெர்லினில் விடுமுறை, மியூனிக்கில் இல்லை. நமக்கும் அப்படித்தான், பொங்கலுக்குச் சென்னை மூடியிருக்கும்போது புனே டீம் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகஸ்ட் 15 மட்டும் வசதி, நமக்கும் மியூனிக்குக்கும் சேர்ந்தே லீவு. நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டி அமெரிக்கா காலி, டிசம்பர் கடைசியில் ஐரோப்பா காலி. அந்த ஸ்பிரிண்டுகளில் பாதி வேலை மட்டும் எடுங்கள். சென்னை மழைக்காலத்தையும் கணக்கில் சேருங்கள். நவம்பர், டிசம்பரில் கரண்டும் நெட்டும் போனால் யார் எங்கிருந்து வேலை செய்வது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக வையுங்கள்.

பிளானிங்கை இரண்டாக உடையுங்கள். ஸ்டோரிகளை இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லி, அவரவர் ஊரில் மதிப்பீடு போட்டுவிடுங்கள். சேர்ந்து பேசும்போது மதிப்பீடு ஒத்துப்போகாத ஸ்டோரிகளை மட்டும் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

6. ஸ்டாண்டப்

பதினைந்து நிமிடம், சென்னையும் மியூனிக்கும் சேர்ந்து, நம்முடைய மதியம் 2 மணி வாக்கில். சியாட்டில்காரர்கள் எழுதி அனுப்பட்டும். நேற்று என்ன செய்தேன் என்று ஒவ்வொருவராக ஒப்பிக்க வேண்டாம். அது வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி போகும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற பழைய மூன்று கேள்விகள் 2020 ஸ்க்ரம் கையேட்டிலேயே கிடையாது. டிக்கெட்டுகள் நிலைவாரியாக அடுக்கியிருக்கும் போர்டைத் திறந்து, வலது ஓரத்தில் முடியும் நிலையில் உள்ள டிக்கெட்டிலிருந்து தொடங்கி, எது ஏன் நகரவில்லை என்று மட்டும் பேசுங்கள். நாலு பேர் ஒரே கான்ஃபரன்ஸ் அறையில், மற்றவர்கள் தனித்தனியாக என்று இருந்தால் அறையில் இருப்பவர்களின் முணுமுணுப்பு வெளியே கேட்காது. எல்லோரும் அவரவர் லேப்டாப்பில், அவரவர் ஹெட்செட்டில்.

7. கேள்வியும் கைமாற்றமும்

மாலை 6:15க்குச் சாட்டில் "ஹாய், ஒரு சந்தேகம், ஃப்ரீயா?" என்று போட்டுவிட்டுக் கிளம்புகிறீர்கள். அவர் அப்போது மீட்டிங்கில் இருப்பார். வெளியே வந்து "சொல்லுங்க" என்பார். மறுநாள் நீங்கள் கேள்வியைக் கேட்பீர்கள், அவர் விளக்கம் கேட்பார். பதில் வருவது மூன்றாம் நாள்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்வாய்ஸ் 0 யூரோ என்றால் கோப்பில் வர வேண்டுமா? வரலாம் என்றால் மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும், விட்டுவிட்டால் கோப்பு சின்னதாகும். நாளை காலை 4:30 யூ.டி.சி.க்குள் பதில் இல்லையென்றால் வரும்படியே செய்கிறேன், பிறகு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும்." சூழல், தேர்வுகள், கெடு, பதில் வராவிட்டால் என்ன செய்வேன், மாற்றினால் என்ன செலவு, எல்லாம் ஒரே செய்தியில். பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் குறியோடு வேலை முடிந்துவிடும். திரும்பிச் சரிசெய்ய முடியாத விஷயத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். டேட்டாபேஸ் டேபிளை நீக்குவதற்கெல்லாம் பதில் வந்தே ஆக வேண்டும்.

புல் ரிக்வெஸ்டும் (எழுதிய கோட் உள்ளே சேர அனுமதி கேட்பது) இதே கதைதான். வேறு ஊர்க்காரர் ஒருவர்தான் அனுமதிக்க வேண்டும் என்று இருந்தால், மூன்று சுற்றுக் கருத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு ஊரிலும் அனுமதிக்கும் உரிமை உள்ளவர் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ரிக்வெஸ்டைச் சின்னதாக வையுங்கள், எதைச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள், திரை மாறியிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள். ரிவ்யூ செய்பவர், கட்டாயம் மாற்ற வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது என்று பிரித்துச் சொல்லட்டும். இல்லையென்றால் வேரியபிள் பெயருக்காக ஒரு நாள் போகும்.

பில்ட் (எல்லோருடைய கோடும் சேர்ந்து ஓடும் வடிவம்) உடைந்தால்? உடைத்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். யார் எழுதிய கோட் ஆனாலும் எந்த ஊர்க்காரரும் அனுமதி கேட்காமல் திரும்பப் பெறலாம், பெற்றபின் ஒரு வரி எழுதிவைத்தால் போதும் என்று முன்பே பேசிவையுங்கள். அப்புறம், கிளம்பும் முன் கடைசி ஒரு மணி நேரத்தில் மெர்ஜ் செய்யாதீர்கள்.

8. ரெட்ரோவில் வாய் திறக்க வைப்பது

வீடியோ காலில் பத்துப் பேர், அதில் க்ளையன்டும் இருக்கிறார் என்றால், சென்னைப் பக்கம் மைக் மியூட்டிலேயே இருக்கும். ஒரு நாள் முன்பே பெயர் இல்லாமல் எழுதிப் போடக்கூடிய ஒரு பலகையைத் திறந்துவிடுங்கள். காலில் அதைப் படித்து, ஓட்டுப்போட்டு, முதல் இரண்டை மட்டும் பேசுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. இரவு கால் நேரத்தைப் பற்றிய புகார் கட்டாயம் வரும். நேரத்தை மாதம் ஒரு முறை சுழற்றக் கேளுங்கள், எல்லாச் சுமையும் ஒரே ஊருக்கு வேண்டாம்.

9. ஒரு முறையாவது நேரில் பாருங்கள்

பட்ஜெட்டில் பயணம் இருந்தால் புராஜெக்ட் தொடக்கத்திலேயே கேளுங்கள். முகம் தெரிந்தவரிடம் சந்தேகம் கேட்பது எவ்வளவு எளிது என்று போய்வந்த பிறகு தெரியும்.

ஜெர்மனிக்கு ஷெங்கன் பிசினஸ் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் கூடும். ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாதி வேலை, ஆகவே இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு காலிப் பக்கத்தோடு இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அங்கிருந்து அழைப்புக் கடிதம், இங்கே கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், தங்குமிட விவரம். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். நம் இனிஷியல் அங்கே குடும்பப் பெயராக மாறி வருவது சகஜம்.

அமெரிக்கா என்றால் பி1 விசா, விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணல் தேதிக்கான காத்திருப்பு மிக நீளம். இரண்டு விசாவிலும் மீட்டிங், பேச்சுவார்த்தை, பிளானிங்குக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்து அன்றாட கோடிங் வேலை பார்க்கக் கூடாது. "வந்ததுதான் வந்தீர்கள், இந்த பக்கையும் சரிபண்ணிடுங்க" என்று சொல்வார்கள். இமிக்ரேஷனில் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனியின் டிராவல் டெஸ்க்கிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

10. கருவிகளும் சான்றிதழும்

டிக்கெட்டுகளை வைத்துக்கொள்ளும் கருவியான ஜிரா, சின்ன டீமுக்குப் பத்துப் பேர் வரை இலவசம். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், பிளானிங்குக்கு உதவாது. கருவி எதுவானாலும் க்ளையன்ட் வைத்திருப்பதையே பயன்படுத்துங்கள். சென்னைக்குத் தனி போர்டு, மியூனிக்குக்குத் தனி போர்டு என்று வைத்தால் இரண்டையும் ஒத்துப்பார்க்கவே ஒரு ஆள் வேண்டும்.

சான்றிதழ் அவசரமில்லை. ஸ்க்ரம் கையேடு இலவசம், ஒரு மாலையில் படித்துவிடலாம். பிறகும் வேண்டுமென்றால் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழான பி.எஸ்.எம். 1 தேர்வுக்கு வகுப்பு கட்டாயமில்லை, கட்டணம் 200 டாலர், 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் வாங்க வேண்டும், காலாவதி ஆகாது. இன்னொரு ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழான சி.எஸ்.எம். என்றால் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி பணம் திருப்பித் தருமா என்று எச்.ஆரிடம் முதலில் கேளுங்கள். தருவதாக இருந்தால் முன் அனுமதி மெயில் இருக்கிறதா, தேர்வு எழுதிய எத்தனை நாளுக்குள் பில் போட வேண்டும், வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா, இவற்றைப் பார்த்துவிட்டுக் கார்டைத் தேயுங்கள்.